கோபுரத்தின் குறிப்பேடு: செல்பேசிப் பயனரின் இருப்பிடம் யாருக்கெல்லாம் தெரிகிறது

'செல்போன் டவர் லொகேஷனை வைத்துப் போலீசார் பிடித்தனர்' என்ற வரி இல்லாமல் தமிழ் நாளிதழ்களின் குற்றச் செய்திப் பக்கம் நிறைவடைவது அரிது. பிடிபட்டவர் தம் கைப்பேசியில் 'லொகேஷன்' பொத்தானை அணைக்க மறந்திருப்பார் என்று படிப்பவர்களில் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தப் பொத்தான் கட்டுப்படுத்துவது செயலிகளைத்தான். செயற்கைக்கோள் வழியாகவும் அருகிலுள்ள வைஃபை வழியாகவும் கைப்பேசி தானே கணித்துக்கொள்ளும் இடத்தை எந்தச் செயலி பார்க்கலாம், எது பார்க்கக் கூடாது என்பதே அதன் வேலை. கோபுரம் தெரிந்துகொள்ளும் இடம் வேறு வழியில் கிடைப்பது. கைப்பேசி அணைக்கப்படாமலோ விமானப் பயன்முறைக்கு மாற்றப்படாமலோ இருக்கும்வரை, சட்டைப் பையில் சும்மா கிடக்கும்போதும், அது கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

காரணம் எளிது. ஒருவருக்கு அழைப்பு வந்தால், நாடெங்கும் உள்ள அத்தனை கோபுரங்களிலும் ஒரே நேரத்தில் அவரைக் கூவி அழைக்க முடியாது. ஆகவே அருகருகே உள்ள பல கோபுரங்களைச் சேர்த்து ஒரு வட்டாரமாக வகுத்துவைத்திருக்கிறார்கள். கைப்பேசி ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போதும், நுழையாவிட்டாலும் குறிப்பிட்ட கால இடைவெளியிலும், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று வலையமைப்பிடம் பதிவு செய்துகொள்கிறது. அழைப்பு வந்ததும் அந்த வட்டாரத்தில் மட்டும் தண்டோரா போடப்படுகிறது. கைப்பேசி பதில் சொன்னதும் அது எந்தக் கோபுரத்தின் எந்தப் பக்கத்து ஆன்டெனாவின் கீழ் இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையிலான தூரமும் கணக்கிடப்படுகிறது. கைப்பேசியின் குறிப்பலை வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து, அதற்கேற்ப முன்கூட்டியே அனுப்பச் சொன்னால்தான் ஒருவருடைய குறிப்பலை மற்றவருடையதோடு மோதாமல் இருக்கும். 2ஜியில் இந்த அளவீட்டின் ஒரு படி ஏறத்தாழ 550 மீட்டர்; 4ஜியில் அது ஏறத்தாழ 78 மீட்டராகச் சுருங்கிவிட்டது. கோபுரங்கள் நெருங்கி நிற்கும் நகரத்துக் கடைவீதியில் கிடைக்கும் துல்லியம் வேறு, பல கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் வயல்வெளியில் கிடைப்பது வேறு.

எனவே கம்பியில்லாத் தொடர்பில் இருப்பிடத்தை முற்றிலும் மறைத்துவைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இடம் தெரியாத கைப்பேசிக்கு அழைப்பு வராது. அந்த இடம் யாருடைய பெயரோடு சேர்த்து எழுதப்படுகிறது, அந்தச் சேர்க்கையை வேறு யார் படிக்கலாம், எத்தனை நாள் அது அழியாமல் இருக்கும் என்பவைதான் பேச வேண்டியவை. இவற்றில் பொறியாளர்கள் அதிகம் உழைத்ததும் ஓரளவு வென்றதும் காற்றில் செல்லும் அலையைக் காப்பதில்தான். செல்பேசிச் சேவை நிறுவனத்தின் உள்ளே, யார் எப்போது எங்கே இருந்தார் என்று எழுதப்படும் குறிப்பேட்டைக் காப்பதில் அந்த வேகம் இல்லை.

முதலில் காற்றுவழியைப் பார்ப்போம். ஒவ்வொரு சிம் அட்டைக்கும் ஐஎம்எஸ்ஐ எனப்படும், வழக்கமாக 15 இலக்கம் கொண்ட நிரந்தர அடையாள எண் ஒன்று உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413. நாம் பிறருக்குக் கொடுக்கும் தொலைபேசி எண் இதுவன்று. ஆனால் வலையமைப்பு நம்மை அறிவது இதைக்கொண்டுதான். இந்த எண்ணைத் திரும்பத் திரும்பக் காற்றில் ஒலிபரப்பினால், பக்கத்தில் ஒரு கருவியோடு அமர்ந்திருக்கும் எவரும் இன்னார் இங்கே வந்தார், இத்தனை மணிக்குப் போனார் என்று எழுதிவைக்கலாம். 2ஜியை வடிவமைத்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. அதனால் முதல் பதிவுக்குப் பிறகு ஒரு தற்காலிக எண்ணைக் கொடுத்து, அதன் பின் அந்தப் புனைபெயராலேயே கைப்பேசியை அழைக்கும் முறையை அன்றே வைத்தார்கள்.

ஏற்பாடு நல்லதுதான், ஆனால் அதில் பெரிய ஓட்டை இருந்தது. 2ஜியில் கைப்பேசி தன்னை வலையமைப்புக்கு நிரூபிக்க வேண்டும். வலையமைப்பு தன்னைக் கைப்பேசிக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. எனவே உரத்த குறிப்பலையோடு ஒரு போலிக் கோபுரத்தை நிறுத்தி, 'உன் தற்காலிக எண் எனக்குப் புரியவில்லை, நிரந்தர எண்ணைச் சொல்' என்று கேட்டால், அருகிலுள்ள கைப்பேசிகள் எல்லாம் ஒப்பித்துவிடும். ஐஎம்எஸ்ஐ பிடிப்பான் என்று இத்துறையினர் சொல்லும் கருவி செய்வது இதையே. ஒரு கூட்டத்தில் யார் யார் நின்றார்கள் என்று அறிய விரும்பும் அரசுக்கு இதைவிட வசதியான வருகைப்பதிவேடு கிடையாது. 2014 ஜனவரியில் உக்ரைனின் கீவ் நகரில் போராட்டம் நடந்த இடத்துக்கு அருகில் இருந்தவர்களின் கைப்பேசிகளுக்கு, 'அன்பார்ந்த சந்தாதாரரே, நீங்கள் பெருங்கலவரத்தில் பங்கேற்றவராகப் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள்' என்ற பொருளில் குறுஞ்செய்தி வந்தது. சேவை நிறுவனங்கள் தாங்கள் அதை அனுப்பவில்லை என்று மறுத்தன. போலிக் கோபுரம் பற்றிய சந்தேகம் அப்போதே எழுந்தது. அனுப்பியவர் யாராயினும், கூட்டத்தில் நின்ற ஒருவருக்கு அந்தச் செய்தி உணர்த்த விரும்பியது என்ன என்பதில் ஐயமில்லை.

3ஜியிலிருந்து வலையமைப்பும் தன்னை நிரூபிக்க வேண்டும் என்றாயிற்று. ஆயினும் 3ஜியிலும் 4ஜியிலும், இருவரும் ஒருவரையொருவர் உறுதிசெய்துகொள்வதற்கு முந்தைய கணத்தில், நிரந்தர எண்ணைக் கேட்டால் கைப்பேசி அதை மறையாக்கம் செய்யாமலேயே சொல்லிவிடும் நிலை நீடித்தது. யார் என்று தெரியாமல் எந்தச் சாவியைக்கொண்டு சரிபார்ப்பது என்ற முட்டுக்கட்டைதான் காரணம். எவரும் பூட்டலாம், உரியவர் மட்டுமே திறக்கலாம் என்ற பொதுச் சாவி மறையாக்கம் இந்த முடிச்சை அவிழ்க்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தும், 2018-ல் வெளிவந்த 5ஜி தரநிலையில்தான் அது இடம்பெற்றது. 5ஜியில் கைப்பேசி தன் நிரந்தர எண்ணை, சிம் கொடுத்த நிறுவனத்தின் பொதுச் சாவியால் பூட்டியே அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் பூட்டிய வடிவம் வேறாக இருப்பதால், ஒட்டுக்கேட்பவருக்கு நேற்று வந்தவரும் இன்று வந்தவரும் ஒருவரா என்பதே தெரியாது.

ஆனால் தரநிலையில் இருப்பதெல்லாம் நடைமுறையில் இருக்கும் என்று கொள்ள முடியாது. எதையும் பூட்டாமல் அனுப்பும் 'வெற்று' முறைக்கும் அதே தரநிலை இடம் தருகிறது. எதைப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பது சேவை நிறுவனம். 5ஜி அலையை அமுக்கிவிட்டுக் கைப்பேசியைப் பழைய தலைமுறைக்கு இறக்குவதும் தாக்குபவருக்கு எட்டாத வித்தையன்று. இதனால்தான் ஆண்ட்ராய்டு 12 முதல் 2ஜியை முற்றிலும் அணைத்துவைக்கும் வசதி தரப்பட்டது. சாதாரணப் பயனர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் செய்யக்கூடிய ஒரே உடனடிக் காரியமும் அநேகமாக அதுதான். கைப்பேசியில் அந்த அமைப்பு இருந்தால், 2ஜி மட்டுமே கிடைக்கும் ஊருக்குப் பயணம் போகாதவரை, அணைத்துவிடலாம்.

தண்டோராவையே உளவாக்கும் வழியும் உண்டு. ஒருவருக்கு அழைப்பு விடுத்து, மணி அடிப்பதற்குள் துண்டித்தால், அவர் இருக்கும் வட்டாரத்தில் அவருடைய புனைபெயர் கூவப்படும். இதையே சில தடவை செய்து, ஒவ்வொரு தடவையும் கூவப்பட்ட பெயர்களில் பொதுவானது எது என்று பார்த்தால் ஆள் அங்கே இருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். 2012-ல் 2ஜியிலும், சில ஆண்டுகள் கழித்து 4ஜியிலும் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். 4ஜி ஆய்வில் சமூக ஊடகச் செயலிகளின் செய்திகளே தண்டோராவைத் தூண்டப் போதுமானவையாக இருந்தன. புனைபெயரை அடிக்கடி மாற்றினால் இந்தத் தாக்குதல் தோற்கும். மாற்றும்படி தரநிலை சொல்லியிருந்தாலும், ஒவ்வொரு மாற்றமும் வலையமைப்புக்குக் கூடுதல் சுமை என்பதால், பல நிறுவனங்கள் ஒரே புனைபெயரை நீண்ட நேரம் வைத்திருந்ததை ஆய்வுகள் கண்டன.

இதற்கெல்லாம் தாக்குபவர் நாம் இருக்கும் ஊருக்கு வந்தாக வேண்டும். நிறுவனங்களுக்கு இடையிலான பாதையில் அந்தத் தொல்லையும் இல்லை. சென்னை எண்ணோடு துபாயில் இறங்குபவருக்கு அழைப்பு போய்ச் சேர வேண்டுமானால், அவர் இப்போது எங்கே என்று அங்குள்ள நிறுவனமும் இங்குள்ள நிறுவனமும் பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சுக்கான எஸ்எஸ்7 என்ற நெறிமுறை 1970-களில் உருவானது. அன்று தொலைபேசி நிறுவனங்கள் சில, பெரும்பாலும் அரசுத் துறைகள், ஒருவரையொருவர் நம்பினார்கள், கேட்பவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு தேவைப்படவில்லை. இன்று உலகெங்கும் ஏராளமான நிறுவனங்கள் அந்த வலையில் இணைந்திருக்க, கேட்பவரை நம்பும் பழக்கம் மட்டும் மாறாமல் நிற்கிறது. ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் கொண்டு, அதன் உரிமையாளர் எந்த நகரப் பகுதியில் இருக்கிறார் என்று எஸ்எஸ்7 வழியாகக் கண்டுபிடிக்க முடியும் என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் டோபியாஸ் எங்கல் 2008-ல் ஜெர்மனியில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் விளக்கினார். 2014-ல் அவரும் இன்னொரு ஆய்வாளரான கார்ஸ்டன் நோலும் இன்னும் பல வழிகளை வெளிப்படுத்தினார்கள். 2016-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றுக்காக, நாடாளுமன்ற உறுப்பினர் டெட் லியூவின் இசைவோடு, அவர் பயன்படுத்திய கைப்பேசியின் எண்ணை மட்டும் வைத்து பெர்லினிலிருந்தபடியே நோல் அதன் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்து காட்டினார். இப்போது நிறுவனங்கள் தங்கள் எல்லையில் வடிகட்டிகளை வைத்து, வெளிநாட்டிலிருந்து வரும் பொருத்தமற்ற கேள்விகளைத் தள்ளிவிடுகின்றன. எவ்வளவு கண்டிப்பாகச் செய்கின்றன என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. பயனருக்கு அதைச் சோதித்துப் பார்க்க எந்த வழியும் இல்லை.

அலையையும் பாதையையும் முற்றிலும் அடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் குறிப்பேடு இருக்கிறது. ஜெர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மால்டே ஸ்பிட்ஸ், தம்மைப் பற்றி என்ன எழுதிவைத்திருக்கிறீர்கள் என்று தம் சேவை நிறுவனத்தைக் கேட்டு, சட்டப் போராட்டத்துக்குப் பிறகே அதைப் பெற்றார். 2009 ஆகஸ்ட் முதல் ஆறு மாதங்களுக்கு அதில் இருந்தவை 35,830 வரிகள். ஒரு ஜெர்மன் வார இதழின் இணையப் பதிப்பு 2011-ல் அவற்றை வரைபடத்தில் ஓடவிட்டபோது, அவர் எந்த ரயிலில் போனார், எங்கே தூங்கினார், எப்போது விழித்தார் என்பதெல்லாம் யாரும் பார்க்கும்படி விரிந்தது. அவர் பேசிய ஒரு சொல்கூட அந்தப் பதிவுகளில் இல்லை.

பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்ற கேள்வி உடனே எழும். 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று, 15 லட்சம் பேரின் 15 மாத நடமாட்டத்தைப் பெயர் நீக்கிய வடிவில் எடுத்துக்கொண்டது. மணிக்கு ஒரு முறை, கோபுர அளவிலான துல்லியத்தில் மட்டுமே இடம் குறிக்கப்பட்டிருந்தது. ஒருவரைப் பற்றி நான்கே நான்கு இட-நேரப் புள்ளிகள் தெரிந்திருந்தால், அவர்களில் 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்தெடுத்துவிட முடிந்தது. வீடு, அலுவலகம், போன ஞாயிற்றுக்கிழமை போன கல்யாண மண்டபம், பிள்ளையின் பள்ளி என்று நம் ஒவ்வொருவரைப் பற்றியும் நான்கு புள்ளிகள் அறிந்தவர்கள் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். இடத்தையும் நேரத்தையும் இன்னும் மழுங்கடித்தாலும் பயன் மெதுவாகவே கூடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. 'பெயர் நீக்கப்பட்ட தரவுதானே' என்று நிறுவனங்கள் ஆறுதல் சொல்லும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் இந்தக் குறிப்பேடு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொள்ளை வழக்கு ஒன்றில் திமோதி கார்பென்டர் என்பவரின் 127 நாள் நடமாட்டத்தை, 12,898 இடப் புள்ளிகளாக, நீதிமன்றப் பிடியாணை அளவுக்கு வலுவில்லாத ஓர் உத்தரவைக் கொண்டு புலனாய்வாளர்கள் பெற்றிருந்தனர். கொள்ளைபோனவற்றில் செல்பேசிக் கடைகளும் இருந்தன என்பது இந்த வழக்கின் விந்தை. வாடிக்கையாளர் தாமாகவே நிறுவனத்திடம் ஒப்படைத்த தகவலில் அவருக்கு அந்தரங்க உரிமை இல்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். 2018 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, இத்தகைய பதிவுகளைப் பெறப் பொதுவாகப் பிடியாணை வேண்டும் என்றது. எனினும் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட கோபுரத்தின் கீழ் இருந்த அனைவரின் பட்டியலையும் அள்ளிக்கொள்ளும் 'டவர் டம்ப்' பற்றிக் கருத்துக் கூறாமல் விட்டுவிட்டது. காவல்துறைக்குப் பிடியாணை வேண்டும் என்ற அதே நாட்டில், பணம் கொடுத்தால் போதும் என்ற சந்தையும் நடந்துகொண்டிருந்தது. 2019 ஜனவரியில் ஒரு செய்தியாளர் இடைத்தரகர் ஒருவருக்கு 300 டாலர் கொடுத்து, ஒரு கைப்பேசியின் இருப்பிடத்தைப் பெற்றுக்காட்டினார். செல்பேசி நிறுவனங்கள், இருப்பிடத் தரவை மொத்தமாக வாங்கி விற்கும் திரட்டு நிறுவனங்களுக்கு விற்றது கைமாறிக் கைமாறி அவரிடம் வந்திருந்தது. 2024 ஏப்ரலில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் பெரிய செல்பேசி நிறுவனங்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 20 கோடி டாலர் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2025-ல் வெவ்வேறு நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகத் தீர்ப்பளித்தன.

வைஃபையிலும் புளூடூத்திலும் கதை சற்று வேறு. அங்கே திருத்தம் வேகமாக நடந்தது. தெரிந்த வைஃபை எதுவும் அருகில் இருக்கிறதா என்று தேடும் கைப்பேசி, முன்பெல்லாம் தன் நிரந்தர மேக் முகவரியை, அதாவது தன் வைஃபை வன்பொருளின் அடையாள எண்ணை, ஊரறியச் சொல்லிக்கொண்டே போகும். 2013-ல் லண்டன் நகரத் தெருக்களில் விளம்பரத் திரையோடு வைக்கப்பட்டிருந்த குப்பைத் தொட்டிகளில் பன்னிரண்டு, அவ்வழியே போகிறவர்களின் மேக் முகவரிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தது அம்பலமானது. நகர நிர்வாகம் உடனே நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டே ஐபோன், தேடும்போது பொய் முகவரியைச் சொல்லத் தொடங்கியது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10, ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு முகவரி சொல்வதையே இயல்பான நிலையாக்கியது. முகவரியை மாற்றினாலும், கைப்பேசி அனுப்பும் சட்டகங்கள் எனப்படும் தரவுத் துண்டுகளின் வரிசை எண்ணும் அதன் வன்பொருள் பதில் சொல்லும் விதமும் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து அமைத்த, தொற்றாளருக்கு அருகில் இருந்தவர்களைக் கண்டறியும் ஏற்பாட்டில் புளூடூத் அடையாளம் 10 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை மாறியது, இருப்பிடம் கேட்கப்படவே இல்லை. அதே 2020 ஏப்ரலில் வந்த இந்தியாவின் ஆரோக்கிய சேது புளூடூத்தோடு ஜிபிஎஸ்ஸையும் சேர்த்துக்கொண்டது. ஒரே நோக்கத்துக்கு இரு வடிவமைப்புகள் சாத்தியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இந்தியாவுக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை இருப்பிடத்துக்கும் பொருத்தியது: பிணையில் விடப்படுபவர் தம் இடத்தைக் கூகுள் வரைபடத்தில் குறியிட்டு விசாரணை அதிகாரிக்குத் தெரியுமாறு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கி, குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை தொடர்ந்து கண்காணிக்க இடம் தரும் பிணை நிபந்தனை செல்லாது என்றது. ஆனால் காவல்துறைக்கு அந்தக் குறியீடு தேவையே இல்லை. கோபுரத்தின் குறிப்பேடு இருக்கிறது. அழைப்பு விவரப் பதிவில் ஒவ்வோர் அழைப்போடும் கோபுர அடையாளம் சேர்ந்தே வருகிறது. அப்பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றிருந்த உரிம நிபந்தனை, 2021 டிசம்பரில் இரண்டாண்டாக உயர்த்தப்பட்டது. அப்பதிவுகள் எவ்வளவு எளிதாகக் கசியும் என்பது 2013-லேயே தெரிந்தது: அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லியின் அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாகப் பெற முயன்ற புகாரில் டெல்லிக் காவலர் ஒருவரும் தனியார் துப்பறிவாளர்களும் கைது செய்யப்பட்டார்கள். அத்தனை பெரிய பதவியில் இருந்தவருக்கு நேர்ந்ததால் அது செய்தியானது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு அதன் 17-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. கடத்தப்பட்ட குழந்தையையும் காணாமல்போன முதியவரையும் கண்டுபிடிக்க இதே பதிவு உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதற்குத் தேவைப்படுவது அந்த ஒருவரின் அந்த நாள் பதிவு. எல்லோருடைய இரண்டாண்டுப் பதிவும் தேவையா என்ற கேள்விக்கு இதுவரை பொதுவெளியில் சரியான விவாதம் நடக்கவில்லை என்பதே என் குறை.

குறிப்பேட்டையே வேறு விதமாக எழுத முடியாதா என்று யோசித்தவர்கள் உண்டு. 2021-ல் பால் ஷ்மிட், பரத் ராகவன் ஆகிய இரு ஆய்வாளர்கள் முன்வைத்த திட்டத்தில், சிம் அட்டையின் நிரந்தர எண் யாரையும் தனியாக அடையாளம் காட்டாது. எல்லோருக்கும் ஒரே எண்ணைக்கூடக் கொடுக்கலாம். கோபுரங்கள் ஏதோ ஒரு கைப்பேசி இங்கே இருக்கிறது என்று மட்டும் அறிந்து, அதற்கு இணைப்புத் தரும். பணம் கட்டியவரா என்ற சோதனை கோபுரத்துக்கு அப்பால், வேறொரு வாயிலில் நடக்கும். மாதக் கட்டணம் செலுத்தும்போது பெயரோடு பெறும் நுழைவுச்சீட்டு, எதில் கையொப்பமிடுகிறோம் என்று பார்க்காமலேயே நிறுவனம் கையொப்பமிடும் மறைகையொப்ப முறையால், பயன்படுத்தும்போது யாருடையது என்று தெரியாதபடி அமைந்திருக்கும். பெயர் அறிந்த பக்கத்துக்கு இடம் தெரியாது. இடம் அறிந்த பக்கத்துக்குப் பெயர் தெரியாது. இன்றைய கைப்பேசிகளையும் கோபுரங்களையும் மாற்றாமலேயே இதைச் செயல்படுத்த முடியும் என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இந்தத் திட்டம் இங்கே வருமா என்றால், தடையாக நிற்பது தொழில்நுட்பமன்று. அடையாளச் சான்று கொடுத்துச் சிம் வாங்கும் முறைக்கும் இதற்கும் நேர் மோதல்கூட இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கும்போது சான்று கேட்டுக்கொள்ளலாம். மோதல் இருப்பது உரிம நிபந்தனையோடு: இன்ன எண் இன்ன நேரத்தில் இன்ன கோபுரத்தின் கீழ் இருந்தது என்று இரண்டாண்டு கழித்தும் சொல்லக்கூடிய நிலையில் நிறுவனம் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. பெயரையும் இடத்தையும் பிரித்துவைத்த நிறுவனத்திடம், அப்படிச் சொல்வதற்கு எதுவும் இருக்காது.